பழைய பிக்கப்பில் ஹெட்லைட் மங்கலா? ரிலே வயரிங் செய்ய முழு வழிகாட்டி

பதினைந்து, இருபது வருடம் ஓடிய பிக்கப்பில் ஹெட்லைட் மங்கினால் எல்லாரும் முதலில் கைவைப்பது பல்பில்தான். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளாவுக்கு இறங்கும் வண்டிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். "அண்ணே, புது பல்பு போட்டு மூணு வாரம்தான் ஆச்சு, மறுபடியும் மங்குது" என்று வருவார்கள். பல்பைக் கழற்றினால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். ஹோல்டரின் பின்பக்கம் மட்டும் சுட்ட அப்பளம் மாதிரி பழுத்துப் பொரிந்திருக்கும். கோளாறு அங்கே இருக்கிறது. அதற்கு மருந்து ரிலே: சுவிட்ச் தரும் சின்னக் கரண்ட்டைக் கேட்டு, பேட்டரியில் இருந்து நேராகப் பல்புக்குக் கரண்ட் விடும் ஒரு சின்னப் பெட்டி.

இந்த வழிகாட்டி 12 வோல்ட் பேட்டரியும், மூன்று பின் உள்ள எச்4 ஹாலஜன் பல்பும் (60/55 வாட்) கொண்ட வண்டிகளுக்கு. 24 வோல்ட் லாரிக்கு இதே முறை பொருந்தும், ஆனால் ரிலே, ஃபியூஸ் கணக்கு மாறும். முதல் முறை செய்கிறவருக்கு அரை நாள் பிடிக்கும். சாயங்காலம் லோடு இருக்கிற நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

1. கழற்றும் முன் அளந்து பாருங்கள்

ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டை டிம்மில் போடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளவெடுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி. 13.5-க்குக் கீழே இருந்தால் வயரிங்கைத் தொடாதீர்கள். முதலில் ஆல்டர்னேட்டர், பெல்ட் இரண்டையும் பாருங்கள். 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். இப்போது தேய்ந்த வயரிங்தான் உங்கள் பல்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நல்ல வயர் போட்ட மறுநாளே பல்பு ஃபியூஸ் போகும்.

அடுத்து பல்பின் ஹோல்டர். ஹோல்டரை உருவாமல், வயர் நுழையும் பின்பக்கத்தில் மீட்டரின் முனையைச் செருகி, டிம் பின்னுக்கும் எர்த்து பின்னுக்கும் நடுவே அளக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. ஹோல்டரை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அளப்பார்கள். பேட்டரியில் இருக்கும் அதே 13.8 வரும். "வயரிங் நல்லாத்தானே இருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கரண்ட் ஓடினால்தான் வோல்ட் விழும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது எடுத்த அளவுதான் கணக்கு.

நான் கடைசியாகச் செய்த வண்டியில் பேட்டரியில் 13.8, பல்பில் 11.6. வழியில் 2.2 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கில் ஏறி இறங்கும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும். இந்த வண்டியில் குறைந்தது 16 சதவீதம். கிடைத்தது பாதிக்குச் சற்று மேலான வெளிச்சம். மீதி எங்கே போனது? இரண்டு பல்புக்கும் சேர்த்து 9 ஆம்பியர் ஓடுகிறது. 9 ஆம்பியரை 2.2 வோல்ட்டால் பெருக்கினால் 20 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் இழுக்கும் அளவு சூடு, சுவிட்சிலும் கனெக்டர்களிலும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் லைட்டைப் போடும் காம்பினேஷன் சுவிட்ச் ஏன் அடிக்கடி கருகுகிறது என்பதற்கும் இதுதான் பதில்.

இன்னும் இரண்டு அளவு எடுத்துத் தாளில் குறியுங்கள். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து பல்பின் டிம் பின் வரை எவ்வளவு விழுகிறது, பல்பின் எர்த்து பின்னில் இருந்து பேட்டரி மைனஸ் வரை எவ்வளவு விழுகிறது. அந்த வண்டியில் 1.5, 0.7. எர்த்துப் பக்கம் மட்டும் மோசமாக இருந்து, பிளஸ் பக்கம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் உங்களுக்கு ரிலேயே தேவையில்லை. 6-ஆம் படியை மட்டும் செய்தால் போதும்.

2. வாங்க வேண்டியவை

நான்கு பின் ரிலே 2 (12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர்), அவற்றுக்கு சாக்கெட் 2. மூடியுள்ள பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் 2, 15 ஆம்பியர் ஃபியூஸ் 4 (இரண்டு ஸ்பேர்). செராமிக் எச்4 ஹோல்டர் 2. பழைய ஹோல்டருக்குள் போய் உட்காரும் மூன்று பின் பிளக் 1. வயர் 2.5 ஸ்கொயர் எம்எம்மில் மூன்று நான்கு கலர், மொத்தம் 12 மீட்டர். ரிலேயின் காயிலுக்கு (ரிலேயைத் தட்ட வைக்கும் உள் சுருள்) மட்டும் 1 ஸ்கொயர் எம்எம் 2 மீட்டர். ரிங் லக், பின், ஸ்லீவ், நெளிவுக் குழாய், கேபிள் டை. வயர் முனையில் லக்கை நசுக்கிப் பிடிக்க வைக்கும் ஒழுங்கான கிரிம்பிங் டூல். சோதிக்க ஒரு டெஸ்ட் லேம்ப் (கிளிப்பும் ஊசி முனையும் உள்ள சின்ன விளக்கு).

வயரில் கஞ்சம் பிடிக்காதீர்கள். 1 ஸ்கொயர் எம்எம் வயர் 6 மீட்டரில் 10 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 2.5 போட்டு, தூரத்தையும் 2 மீட்டராகக் குறைத்தால் 0.15 வோல்ட்தான் போகும். வேலையின் ரகசியம் மொத்தமும் இவ்வளவுதான்: வழியைக் குட்டையாக்கு, தடிமனாக்கு.

ரெடிமேட் கிட்டும் கிடைக்கிறது, போடலாம். ஆனால் வாங்கும் முன் வயர் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம். வெளியே தோல் தடிமனாகவும் உள்ளே நாலு இழையுமாக இருக்கும் கிட்டும் நிறைய வருகிறது.

100/90 வாட் பல்பு வாங்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். வேண்டாம். ரிஃப்ளெக்டரின் பூச்சு சூட்டில் உரியும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். 60/55-க்கு முழு வோல்ட் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் நீங்களே கேட்க மாட்டீர்கள். ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகுவதும் அதே கதைதான்: வெளிச்சம் உண்டு, அது ரோட்டில் விழாது.

3. சுவிட்ச் பிளஸ்ஸை வெட்டுகிறதா, மைனஸை வெட்டுகிறதா?

இதைப் பார்க்காமல் வயர் போட்டால் பாதியில் மண்டை காயும். பெரும்பாலான வண்டிகளில் சுவிட்ச் பிளஸ்ஸைத்தான் கொடுத்து நிறுத்தும். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற சில ஜப்பானிய வண்டிகளில் பல்புக்குப் பிளஸ் பொதுவாக வந்து நிற்கும், சுவிட்ச் மைனஸை மாற்றிக் கொடுக்கும். இலங்கையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் இதை அவசியம் சோதித்துவிட வேண்டும்.

பல்பில் இருந்து ஹோல்டரை உருவுங்கள். டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைப் பேட்டரி மைனஸில் மாட்டுங்கள். லைட்டை டிம்மில் போட்டு மூன்று குழியையும் தொடுங்கள், பிறகு பிரைட்டில் போட்டுத் தொடுங்கள். டிம்மில் ஒரு குழி, பிரைட்டில் வேறொரு குழி எரிந்து, மூன்றாவது எப்போதும் செத்தே கிடந்தால் பிளஸ் சுவிட்ச். செத்துக் கிடப்பது எர்த்து. டிம், பிரைட் இரண்டிலும் ஒரே குழி எரிந்தால் மைனஸ் சுவிட்ச். அப்போது கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ஸுக்கு மாற்றி, மற்ற இரண்டில் டிம் எது, பிரைட் எது என்று பாருங்கள்.

எந்தக் குழி எது என்று ஹோல்டரின் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். கலரை நம்பாதீர்கள், இடத்தை நம்புங்கள். பழைய ஹோல்டரில் எந்தக் குழி டிம்மோ, புது ஹோல்டரிலும் அதே குழிதான் டிம். கடையில் வாங்கும் ஹோல்டரில் வயர் கலர் அவரவர் இஷ்டம்.

4. இப்போது பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்

சோதனை முடிந்தது, இனி கரண்ட் வேண்டாம். மைனஸ் முனையை முதலில் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பானரே பழுத்துவிடும். மைனஸ் போய்விட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது தலைகீழ்: மைனஸ் கடைசி.

5. ரிலேவுக்கு இடம் பிடியுங்கள்

பேட்டரிக்குப் பக்கத்தில், மட்கார்டின் உள்பக்கம் நல்ல இடம். ரிலேயின் பின்கள் கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் வாட்டர் வாஷ் அடிக்கிற தண்ணீர் சாக்கெட்டுக்குள் தேங்கிப் பச்சை பிடிக்கும். மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலும், ரேடியேட்டர் மூடியில் இருந்து தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் வேண்டாம்.

இடம் முடிவான பிறகுதான் வயரை வெட்ட வேண்டும். தரையில் உட்கார்ந்து உத்தேசமாக வெட்டி, பிறகு ஒரு சாண் போதாமல் நடுவில் ஒட்டுப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஒட்டும் நாளைக்கு ஒரு கோளாறு.

6. எர்த்துதான் முதலில்

ரிலே போட்டும் வெளிச்சம் ஏறவில்லை என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் தொடுவது எர்த்தை. பிளஸ் பக்கம் புது வயர், எர்த்து மட்டும் துருப்பிடித்த பழைய போல்ட் என்றால் செலவழித்த காசில் பாதி வீண். பல்புக்குள் போகிற 5 ஆம்பியரும் எர்த்து வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

இரண்டு ஹோல்டருக்கும் தனித்தனியாக 2.5 வயர் எடுத்து, நேராகப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். பாடியில்தான் கொடுப்பேன் என்றால், போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போய் இரும்பு மின்னும் வரை எமரி தாளால் தேயுங்கள். லக்கை வைத்து இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். பெயின்ட்டின் மேலேயே லக்கை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் அது எர்த்து ஆகாது. பேட்டரி மைனஸில் இருந்து சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த கேபிளின் முனைகளையும் இதே சாக்கில் சுத்தம் செய்துவிடுங்கள்.

7. ரிலேயில் இருந்து பல்புக்கு

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 பேட்டரியில் இருந்து வருவது. 87 பல்புக்குப் போவது. 85, 86 இரண்டும் காயில், அதாவது சுவிட்ச் சொல்லும் சேதியைக் கேட்டு உள்ளே தட்டுவது. ஒரு ரிலேயை டிம்முக்கும் இன்னொன்றை பிரைட்டுக்கும் ஒதுக்கிப் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

டிம் ரிலேயின் 87-இல் இருந்து இரண்டு வயர், இடது ஹோல்டரின் டிம் குழிக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பிரைட் ரிலேயிலும் அப்படியே. வலது, இடது என்று ரிலேயைப் பிரிக்காமல் டிம், பிரைட் என்று பிரிப்பதற்குக் காரணம், எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒரு சமயத்தில் ஒன்றுதான் எரிய வேண்டும். சுவிட்ச் அதைத்தான் மாற்றுகிறது.

கடையில் நான்கு பின் இல்லை என்று ஐந்து பின் ரிலேயைக் கையில் திணிப்பார்கள். நடுப் பின்னில் 87ஏ என்று இருந்தால் அதில் வயர் மாட்டக் கூடாது. ரிலே தட்டாமல் சும்மா இருக்கும்போதுதான் அந்தப் பின்னுக்குக் கரண்ட் வரும். என் முதல் வண்டியில் இருட்டில் எண்ணைப் பார்க்காமல் அதில்தான் மாட்டினேன். பேட்டரியைக் கொடுத்ததும் சாவி என் சட்டைப்பையில் இருக்க, ஹெட்லைட் இரண்டும் முகத்தில் அடித்தது. சுவிட்சைப் போட்டால் அணைந்தது.

கிரிம்ப் செய்த ஒவ்வொரு முனையையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். இப்போது கழன்றால் நல்லது, வால்பாறை ஏற்றத்தில் கழன்றால் கஷ்டம். முறுக்கி டேப் சுற்றுவது இந்த வேலையில் கிடையவே கிடையாது. ஈயம் வைத்தால் கெட்டியாகும் என்று சிலர் வைப்பார்கள். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும். நல்ல கிரிம்ப்பும் மேலே ஸ்லீவும் போதும்.

8. பழைய ஹோல்டரை வெட்டாதீர்கள்

பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஹோல்டர் ஒன்றில் மூன்று பின் பிளக்கைச் செருகுங்கள். அதில் இருந்து 1 ஸ்கொயர் எம்எம் வயரில் ரிலே காயிலுக்குக் கொண்டுபோங்கள்.

பிளஸ் சுவிட்ச் வண்டி என்றால், பழைய டிம் வயர் டிம் ரிலேயின் 86-க்கு, பழைய பிரைட் வயர் பிரைட் ரிலேயின் 86-க்கு, இரண்டு 85-உம் எர்த்துக்கு. மைனஸ் சுவிட்ச் வண்டி என்றால், பொதுவாக வரும் பிளஸ் இரண்டு 86-க்கும், டிம், பிரைட் வயர்கள் அந்தந்த ரிலேயின் 85-க்கு. உள்ளே டயோடு வைத்த ரிலேயில் 86 பிளஸ், 85 மைனஸ் என்பது மாறக் கூடாது. இந்த முறையில் இரண்டு வகை வண்டியிலும் அது சரியாகவே வந்துவிடும்.

காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. இதுவரை பத்து ஆம்பியர் சுமந்து கருகிய சுவிட்ச் இனி அந்தச் சின்னச் சேதியை மட்டும் கடத்தினால் போதும்.

வெட்டாமல் பிளக் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம். ராத்திரி நடுவழியில் ரிலே போய்விட்டால், பிளக்கை உருவிப் பழைய ஹோல்டரையே பல்பில் மாட்டி வீடு வந்து சேரலாம். மறுபக்கத்துப் பழைய ஹோல்டரை பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை டேப்பால் சுற்றி, ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

9. ஃபியூஸ், அப்புறம் பேட்டரி

பேட்டரி பிளஸ்ஸில் இருந்து இரண்டு வயர், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபியூஸ் ஹோல்டர், அங்கிருந்து அந்தந்த ரிலேயின் 30-க்கு. ஃபியூஸ் பேட்டரியில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் வயருக்கு எந்தக் காவலும் இல்லை. அது எங்காவது உரசினால் தீதான்.

ஒரே 30 ஆம்பியர் ஃபியூஸில் இரண்டையும் ஓட்டலாமே என்பார்கள். அது போனால் மலைப்பாதையில் இரண்டு லைட்டும் ஒரே நொடியில் இருட்டு. தனித்தனியாக இருந்தால் டிம் போனாலும் பிரைட் இருக்கும்.

ஃபியூஸைச் செருகாமல் வயரை மட்டும் பேட்டரியில் மாட்டுங்கள். மைனஸ் கடைசியாக.

10. படிப்படியாகச் சோதியுங்கள்

பல்பைக் கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

முதலில் டிம் ஃபியூஸை மட்டும் செருகி லைட்டைப் போடுங்கள். "டிக்" என்று சத்தம் வந்து எரிந்தால் சரி. பிறகு பிரைட் ஃபியூஸ். இரண்டையும் ஒன்றாகச் செருகினால், கோளாறு வந்தால் எங்கே என்று தெரியாது.

சத்தமே இல்லை என்றால் காயில் பக்கம், 85, 86 இரண்டையும் பாருங்கள். சத்தம் வருகிறது, லைட் இல்லை என்றால் 30, 87 அல்லது ஃபியூஸ். ரிலே "டர்ர்ர்" என்று நடுங்கினால் காயிலுக்கு வருகிற எர்த்து அல்லது பழைய பிளக் தளர்ச்சி. டிம் போட்டால் இரண்டு இழையும் மங்கலாகச் சிவந்தால், அந்தப் பக்கத்து எர்த்து விட்டிருக்கிறது; கரண்ட் திரும்ப வழியில்லாமல் அடுத்த இழைக்குள் புகுந்து மறுபக்கத்து லைட் வழியாகச் சுற்றுகிறது. வயரிங் முழுவதையும் பிரிக்காதீர்கள், எர்த்து ஒன்றைத் தொடுங்கள்.

மைனஸ் சுவிட்ச் வண்டிகளில் டேஷ்போர்டின் நீல பிரைட் விளக்கு மங்கலாக எரியலாம். லைட்டுக்கு அதனால் பாதகமில்லை.

எல்லாம் எரிந்த பிறகு முதல் படியின் அளவுகளை மறுபடி எடுங்கள். பேட்டரிக்கும் பல்புக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் வர வேண்டும். முன்பு சொன்ன வண்டியில் 0.4 வந்தது. இருபது நிமிடம் எரியவிட்டு ஒவ்வொரு கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அங்கே கிரிம்ப் சரியில்லை.

11. கட்டுங்கள்

வயரை நெளிவுக் குழாயில் விட்டு, ஒரு சாணுக்கு ஒரு டை போடுங்கள். ஃபேன், பெல்ட், சைலன்ஸர் பக்கம் போகக் கூடாது. தகரத்தில் துளை வழியாக நுழைகிற இடத்தில் ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) அவசியம். ஹோல்டருக்கு ஏறும் முன் வயர் கொஞ்சம் தொங்கி வளைந்து ஏறட்டும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது.

12. கோணம் பார்க்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்

நேற்று வரை மங்கலாக இருந்ததால் கோணம் தப்பியிருந்ததும் தெரியவில்லை. இப்போது தெரியும், எதிரே வருகிறவருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதியும் இதைத்தான் கேட்கிறது: 8 மீட்டர் தள்ளி நிற்கிற, ஒன்றரை மீட்டர் உயரக் கண்ணுள்ள ஆளுக்கு டிம் கூசக் கூடாது.

டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவரில் இருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தைத் தரையில் இருந்து அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் விளிம்பு சரிவாக மேலே ஏறும். நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டும் ஊர்களில் ஓரத்து ஆளும் சைக்கிளும் தெரிவதற்காக அப்படி. வலப்பக்கம் ஏறினால் வேறு நாட்டு லைட்டை மாட்டியிருக்கிறீர்கள்.

பிக்கப்புக்கு இன்னொன்று. லோடு ஏற்றினால் பின்பக்கப் பட்டை அமுங்கி மூக்கு தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும். காலி வண்டியில் பார்த்துவிட்டு ஒன்றரை டன் ஏற்றினால் டிம் போய் மரத்தின் உச்சியில் நிற்கும். ராத்திரியில் எந்த லோடோடு ஓடுவீர்களோ அதை ஏற்றிவைத்துக் கோணம் பாருங்கள். நான் சந்தையில் இருந்து கிளம்பும் முன், மூட்டை அடுக்கிய பிறகு, எதிர்க் கடை ஷட்டரில்தான் பார்ப்பது. ஷட்டரின் பட்டைகளே கோடு போட்ட மாதிரி இருக்கும்.